வாக்கும் பணமும்: அமெரிக்கத் தேர்தலை அறிந்துகொள்வோம்



2025-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், சிகாகோ நகரில் பிறந்த கர்தினால் ராபர்ட் பிரிவோஸ்ட் பதினான்காம் லியோ என்னும் பெயருடன் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி, "சாமி, நம்ம திருத்தந்தை அமெரிக்காக்காரராமே, அவரு எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவாரு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இளைஞர் உடனே கைப்பேசியைக் காட்டி, "தாத்தா, அதெல்லாம் பேப்பர்லயே வந்துருச்சு" என்றார். பெரியவருக்கு ஒரே திகைப்பு. "ஓட்டு ரகசியமில்லையா? அதை எப்படிப் பேப்பர்ல போட்டாங்க?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடினால், அமெரிக்கத் தேர்தல் முறையில் பாதி விளங்கிவிடும்.

அங்கே பொதுத்தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சிக்குள்ளும் ஒரு தேர்தல் நடக்கிறது. பிரைமரி என்று அதைச் சொல்கிறார்கள். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை முடிவு செய்து அறிவிப்பதில்லை; சாதாரண வாக்காளர்கள்தாம் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தில் அன்று வாக்குச்சாவடிக்குப் போகிறவர், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். எந்தச் சீட்டை வாங்கினார் என்பது பதிவேட்டில் ஏறும். அதை எவரும் பார்க்கலாம். சீட்டில் யாருடைய பெயரைக் குறித்தார் என்பது மட்டுமே இரகசியம். கர்தினாலாக உயர்வதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் சில முறை குடியரசுக் கட்சியின் பிரைமரிச் சீட்டை வாங்கியிருக்கிறார் என்றும், 2024 பொதுத்தேர்தலில் அஞ்சல் வழியாக வாக்களித்திருக்கிறார் என்றும் வில் கவுண்ட்டிப் பதிவேட்டிலிருந்து செய்தியாளர்கள் எடுத்து எழுதினார்கள். இதை வைத்து அவர் இன்ன கட்சி என்று முடிவு கட்டியவர்கள் பலர். ஆனால் பிரைமரியில் ஒரு சீட்டை வாங்குவதற்கும் பொதுத்தேர்தலில் வாக்களிப்பதற்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. எனவே பெரியவரின் கேள்விக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: ஓட்டுப் போட்டார் என்று தெரியும், யாருக்கு என்று தெரியாது.

பதிவேடு என்று சொன்னோம். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச்சட்டம். மாநிலத்துக்குள் கவுண்ட்டிகளும் ஊர்களுமே சீட்டை அச்சடித்து, சாவடி அமைத்து, எண்ணி முடிக்கின்றன. இப்படித் தேர்தல் நடத்தும் உள்ளூர் அமைப்புகள் நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேல். ஓரிடத்தில் அடையாள அட்டை கேட்பார்கள், இன்னோரிடத்தில் கையெழுத்தை ஒப்பிட்டால் போதும் என்பார்கள். ஓரிடத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே வாக்களிக்கலாம், சில மாநிலங்களில் எல்லாருக்கும் சீட்டு அஞ்சலில் வந்துவிடும். நவம்பரில் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்தான் தேர்தல் நாள் என்பது மட்டும் 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதற்கும் பொது. உழவர்கள் ஞாயிறு வழிபாட்டை முடித்து, திங்கள் வண்டி கட்டிப் புறப்பட்டு, புதன் சந்தைக்கு முன் ஊர் திரும்ப வசதியான நாள் என்பதால் செவ்வாய் என்று சொல்வார்கள். வண்டி போய்விட்டது, செவ்வாய் நிற்கிறது. அன்று நாடு தழுவிய விடுமுறைகூட இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் குடிமகனின் சொந்தப் பொறுப்பு. வடக்கு டகோட்டாவில் மட்டும் பதிவே தேவையில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே பதிவு செய்துகொள்ள வழிசெய்தது. இந்த இடத்தில் நம் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் பங்குகளில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் இன்று ஏராளம். கிரீன் கார்டு பெற்ற ஒருவர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில், நீட்டிய படிவத்தை முழுவதும் படிக்காமல் "நான் குடிமகன்" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது சிறிய பிழையாக முடியாது. குடியுரிமை இல்லாதவர் தேசியத் தேர்தலில் வாக்களிப்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதற்காகவே நாட்டை விட்டு அனுப்பப்படும் நிலையும் வரலாம். தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எளிதில் எடுபடாது. பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசும்போது இதைச் சொல்லி வையுங்கள்.

இனி, வாக்குரிமை அங்கே எல்லாருக்கும் ஒரே நாளில் வந்ததல்ல என்பதையும் அறிவது நல்லது. அரசியலமைப்பு எழுதப்பட்டது 1787-இல். நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆம் திருத்தம் 1870-இல் வந்தது. பெண்களுக்கு 1920-இல். ஆனால் தென் மாநிலங்களில் வாக்குவரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் வைத்துக் கறுப்பின மக்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வெளியே நிறுத்தினார்கள். 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில் வாக்குரிமை கேட்டு நடந்து போனவர்களைக் காவலர்கள் பாலத்தில் அடித்து வீழ்த்தினார்கள். மூன்றே நாளில், மார்ச் 10 அன்று, செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து கத்தோலிக்க அருள்சகோதரிகள் ஆறு பேர் துறவு உடையோடு செல்மாவில் வந்து இறங்கி ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களில் மேரி அந்தோனா எபோ என்ற சகோதரி கறுப்பினத்தவர். அந்தப் படங்கள் நாடெங்கும் போயின. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். பாகுபாடு காட்டிய பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அச்சட்டத்தின் முதுகெலும்பு. எந்தெந்தப் பகுதிகளுக்கு அது பொருந்தும் என்ற கணக்கு பழையதாகிவிட்டது என்று கூறி, 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்த முதுகெலும்பைச் செயலிழக்கச் செய்தது. அடையாள அட்டை, சாவடி மூடல், பட்டியல் நீக்கம் என்று இன்று எழும் வழக்குகளில் பல அந்தத் தீர்ப்பின் பின்விளைவே.

அடுத்து வருவது நம்மவர்களை மிகவும் குழப்பும் பகுதி. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எலெக்டோரல் காலேஜ் எனப்படும் தேர்வாளர் குழுவே தேர்ந்தெடுக்கிறது. மொத்தத் தேர்வாளர்கள் 538 பேர். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் செனட்டின் 100 இடங்களும் தலைநகர் வாஷிங்டனுக்கான 3 இடங்களும் சேர்ந்த கணக்கு இது. 270 பெற்றவர் அதிபர். ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவர் பக்கம். மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரு மாநிலங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

சிறிய மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள் என்பதால், குறைந்தது மூன்று தேர்வாளர்கள் உண்டு. வயோமிங்கில் ஏறத்தாழ 5.8 இலட்சம் மக்கள், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3.95 கோடி மக்கள், தேர்வாளர்கள் 54. வகுத்துப் பார்த்தால், வயோமிங்கில் சுமார் 1.9 இலட்சம் பேருக்கு ஒருவர், கலிபோர்னியாவில் 7.3 இலட்சம் பேருக்கு ஒருவர். இதனால் நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவர் தோற்பது நடக்கக்கூடியதே. 1824, 1876, 1888, 2000, 2016 என ஐந்து முறை நடந்தும் விட்டது. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் முன்னால் நின்றும் தோற்றார். 2024-இல் அப்படியில்லை. டொனால்ட் டிரம்ப் தேர்வாளர் கணக்கில் 312-க்கு 226 என வென்றதோடு மக்கள் வாக்கிலும் முந்தினார். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிசுக்காக அன்று வேண்டுதல் நடத்தியவர்கள் எண்ணிக்கையை மாநிலம் மாநிலமாகப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் காரணம் இதே ஏற்பாடுதான். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் அது.

2000-ஆம் ஆண்டுத் தேர்தலை நம்மில் வயது வந்தவர்கள் மறந்திருக்க மாட்டோம். புளோரிடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குகளில் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே இறுதியில் நின்ற வித்தியாசம் 537. சீட்டில் துளையிட்டு வாக்களிக்கும் முறை அது. துளையிட்ட துண்டு முழுவதும் விழாமல் தொங்கினால் அது வாக்கா இல்லையா என்று அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த படங்கள் உலகெங்கும் வந்தன. பாம் பீச் கவுண்ட்டியில் வேட்பாளர் பெயர்களை இரு பக்கமும் பிரித்து அச்சடித்திருந்ததால், முதியோர் பலர் கோருக்கு என்று நினைத்து வேறொருவருக்குத் துளையிட்டதாகச் சொன்னார்கள். மறு எண்ணிக்கையை டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முடிவுக்குக் கொண்டுவந்தது. உலகின் பெரிய வல்லரசின் தலைமை ஒரு காகிதத் துண்டில் தொங்கியது என்றால் மிகையாகாது. பின்பு 2002-இல் சட்டம் இயற்றி, அந்த எந்திரங்களை மாற்றப் பணம் ஒதுக்கினார்கள்.

தேர்வாளர்கள் டிசம்பரில் அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களிக்க, ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் அதை எண்ணும். 2021-இல் அந்த எண்ணிக்கையின்போதுதான் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. எண்ணும்போது துணை அதிபருக்கு எதையும் தள்ளிவிடும் அதிகாரம் இல்லை என்று 2022-இல் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்.

வாக்கு போகட்டும், பணத்துக்கு வருவோம். இதில்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 2024-இல் அதிபர் தேர்தலுக்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்துச் செலவான தொகை 1,500 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. நம் ஊர்ப் பேச்சில் தேர்தல் பணம் என்றால் வாக்காளர் கையில் இரவில் வந்து சேரும் உறைதான் நினைவுக்கு வரும். அங்கே அது பெருங்குற்றம், நடப்பதும் அரிது. பணம் போவது விளம்பரத்துக்கு, ஆட்களுக்கு, பயணத்துக்கு, வாக்காளர் விவரங்களைத் திரட்டுவதற்கு. ஆகவே அங்கே எழும் கேள்வி வேறு: கொடுத்தவர் பின்னால் என்ன கேட்பார்?

நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தரக்கூடாது என்று 1907-இலேயே சட்டம் உண்டு. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974-இல் தனிமனிதர் தரும் நன்கொடைக்கும் வேட்பாளர் செய்யும் செலவுக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். 1976-இல் உச்ச நீதிமன்றம் அதை இரண்டாகப் பிளந்தது. நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், ஏனெனில் அது இலஞ்சமாக மாறக்கூடும். செலவுக்கு வரம்பு வைக்கக்கூடாது, ஏனெனில் தன் கருத்தைப் பரப்பச் செலவிடுவது பேச்சுரிமை என்றது. இந்தப் பிளவுதான் இன்றுவரை எல்லாவற்றுக்கும் வேர். 2025-26 காலத்தில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலருக்கு மேல் தரமுடியாது. பிரைமரியும் பொதுத்தேர்தலும் தனித்தனி என்பதால் 7,000 வரை போகலாம். 200 டாலருக்கு மேல் தந்தவரின் பெயரும் தொழிலும் பணியிடமும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகும். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம், வாக்களிக்கத்தான் முடியாது. வேலை விசாவில் இருப்பவர் நன்கொடையும் தரக்கூடாது. பிறர் பெயரில் தருவதும் குற்றமே.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் கோடிகள் எப்படிப் புரள்கின்றன? 2010 ஜனவரி 21 அன்று வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பில் விடை இருக்கிறது. வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவிடும் நிறுவனங்களையும் தொழிற்சங்கங்களையும் தடுக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது 89 வயதான நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் நீண்ட மறுப்புத் தீர்ப்பு எழுதி, அதன் ஒரு பகுதியை நீதிமன்றத்திலேயே வாசித்தார். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துக் கீழமை நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பும் சேர்ந்துகொள்ள, சூப்பர் பேக் என்னும் அமைப்புகள் பிறந்தன. இவை வரம்பின்றி வாங்கலாம், வரம்பின்றிச் செலவிடலாம். வேட்பாளரோடு கலந்து பேசக்கூடாது என்பதே முக்கிய நிபந்தனை.

அந்த நிபந்தனை எவ்வளவு மெல்லிய சுவர் என்பது எல்லாருக்கும் தெரியும். சூப்பர் பேக்கை நடத்துகிறவர் பலமுறை வேட்பாளரின் பழைய உதவியாளராகவே இருப்பார். வேட்பாளர் தம் படங்களையும் எந்த ஊரில் எந்தச் செய்தி தேவை என்பதையும் பொது இணையத்தில் போட்டு வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை! 2024-இல், வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கும் பணியில் இரு தரப்பும் கலந்து திட்டமிடலாம் என்று தேர்தல் நிதி ஆணையமே கருத்துச் சொல்லிவிட்டது. அந்தத் தேர்தலில் எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். சூப்பர் பேக்காவது கொடுத்தவர் பெயரைச் சொல்லும். சமூகநலச் சங்கம் என்று பதிவு செய்துகொண்ட சில அமைப்புகள் நன்கொடையாளர் பெயரைச் சொல்லவே தேவையில்லை. அதைத்தான் இருட்டுப் பணம் என்கிறார்கள்.

இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய ஆணையத்தில் உறுப்பினர்கள் ஆறு பேர். ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. எதையும் முடிவு செய்ய நான்கு பேரின் வாக்கு வேண்டும். நடுநிலைக்காகச் செய்த ஏற்பாடு, பல வழக்குகளில் மூன்றுக்கு மூன்று என்று முட்டி நின்றுவிடுகிறது. 2019-இலும் 2025-இலும் உறுப்பினர் இடங்கள் காலியாகி, கூட்டமே நடத்த முடியாத நிலையும் வந்தது.

மாற்றுவழி ஒன்றும் இருந்தது. வருமானவரிப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் மூன்று டாலர் பொதுநிதிக்குப் போகும். வரி கூடாது. அந்த நிதியை வாங்கும் அதிபர் வேட்பாளர் தனியாரிடம் கையேந்தக்கூடாது, வரம்புக்குள் செலவிட வேண்டும். 1976 முதல் 2004 வரை இரு பெரிய கட்சி வேட்பாளர்களும் பொதுத்தேர்தலுக்கு இதை ஏற்றார்கள். 2008-இல் ஜான் மெக்கெய்ன் 8.4 கோடி டாலரை வாங்கிக்கொண்டார். பராக் ஒபாமா வேண்டாம் என்று மறுத்து, இணையம் வழியாகச் சிறு தொகைகளையும் பெரிய நன்கொடைகளையும் சேர்த்து 74 கோடிக்கு மேல் திரட்டினார். அத்தோடு அந்த வழி மூடியது. நாம் ஒபாமாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் நல்லவர் ஒருவர் நல்ல காரணத்தோடு உடைத்த வேலி என்று நமக்குத் தோன்றுவதை மறைக்கவும் விரும்பவில்லை.

பணம் இருந்தால் வெற்றி நிச்சயமா? இல்லை. 2020-இல் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவிட்டு, அமெரிக்கன் சமோவா என்ற தீவு ஒன்றில் மட்டும் வென்று விலகினார். 2024-இல் கமலா ஹாரிசின் பிரசாரக் குழு 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியும் தோற்றது. பணத்தின் வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. யார் போட்டியிடத் துணிவார் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் காலம் இரண்டே ஆண்டு. பதவியேற்ற மறுநாளே அடுத்த தேர்தலுக்குப் பணம் தேட வேண்டும். அரசு அலுவலகத்திலிருந்து நன்கொடை கேட்கச் சட்டம் இடம் தராது. ஆகவே அவர்கள் நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள கட்சிக் கட்டடத்துக்கு நடந்து போய், சிறிய அறையில் அமர்ந்து, பட்டியலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தொலைபேசுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஏழையின் எண் இருப்பதில்லை.

கோவிலும் தேர்தலும் பற்றியும் ஒரு சொல். 1928-இல் நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித் போட்டியிட்டபோது, கத்தோலிக்கர் அதிபரானால் உரோமைதான் ஆளும் என்று பயம் கிளப்பினார்கள். தோற்றார். 1960 செப்டம்பர் 12 அன்று ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று தம் நிலையை விளக்க வேண்டியிருந்தது. நவம்பரில் மயிரிழையில் வென்றார். 1954-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒன்றின்படி, வரிவிலக்குப் பெற்ற ஆலயமோ அறநிறுவனமோ எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 2025 ஜூலையில் வருமானவரித் துறை, ஆலயத்துக்குள் தன் மக்களிடம் போதகர் பேசுவதை இத்தடை கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. உடனே அமெரிக்க ஆயர் பேரவை, கத்தோலிக்கத் திருச்சபை வேட்பாளர்களை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இல்லை என்ற தன் நிலையில் மாற்றமில்லை என்று அறிவித்தது.

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்: "திருத்தந்தை ஆன பிறகும் அவரு ஓட்டுப் போடலாமா சாமி?" அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டதாக அவர் அறிவிக்கவில்லை; குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் தாம் கடைசியாகக் குடியிருந்த கவுண்ட்டியிலிருந்து அஞ்சல் சீட்டு வரவழைக்கலாம் என்றோம். "அப்ப அதையும் பேப்பர்ல போடுவாங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக் கிளம்பினார்.